பலாக்குழைக்கு ஓரடி முன்னால்

சண்டிலிப்பாய் முருகேசரின் ஆடு பதினொரு வருசமாகப் பலாக்குழைக்கு ஓரடி முன்னால் நின்றது. உயிருள்ள ஆடென்றால் எப்பவோ செத்திருக்கும். இது படத்து ஆடு.

கனடாவிலிருந்து வந்த மருமகள் மறந்துவிட்டுப் போன, இரண்டு திரையுள்ள சின்ன விளையாட்டுப் பெட்டிக்குள் அது குடியிருந்தது. அதில் குச்சிப் பேனையால் பக்கம் பக்கமாகக் கீறினால் படம் அசையும். இணையத்தில் ஏற்றிவிட்டால், உலகத்தில் யாரும் அதை எடுத்து மிச்சத்தைக் கீறலாம். முருகேசர் ஆட்டைக் குழைக்குக் கிட்டக் கொண்டுபோவார். ஜப்பானில் ஒருவர், பெயர் வாசிக்கத் தெரியாததால் 'நீலவாளி' என்று முருகேசர் வைத்துக்கொண்டவர், குறுக்கே வேலி கீறுவார். வேலியைப் பிரித்தால் குளம். குளத்தை இறைத்தால் ரயில். ரயில் கடந்து முடியவே எட்டு மாதம். பக்கத்து வீட்டுக் கிடாய் அதை எட்டிப் பார்த்துவிட்டு மூன்று நாள் இரையெடுக்கவில்லை என்பதற்கு ஊரே சாட்சி.

இப்போது அந்தச் சேவையை மூடுகிறார்கள். வியாழக்கிழமை, எங்கள் நேரம் பின்னேரம் இரண்டரை.

அன்று விடியத்தொடக்கம் முருகேசர் ஓரிடத்தில் இருக்கவில்லை. புகையிலைக்கு இறைத்த தண்ணீர் ஒழுங்கைக்கு ஓடியது. பெட்டிக்கு வைஃபை எட்டுவது தண்ணீர்த் தாங்கிக்கு மேலே மட்டும். ஏறினார், இறங்கினார், திரும்ப ஏறினார்.

ஒன்று நாற்பதுக்கு நீலவாளியின் படம் வந்தது. வேலியில்லை, குளமில்லை. ஆடு வாயைத் திறந்தபடி. அடுத்த பக்கம் வெறுமை.

"இஞ்சாரும், அவன் வழி விட்டுட்டான்!"

கீழே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள் மனைவி கேதீஸ்வரி. "அப்ப கீறி அனுப்புங்கோவன்."

கீறினார். கடி, மெல்லல், ஏப்பம். அனுப்பும் இடத்துக்கு மேலே குச்சி அந்தரத்தில் நின்றது.

"இராகுகாலமெல்லே. மூண்டு மணி மட்டும்."

"ரண்டரைக்குப் பூட்டுறாங்கள் எண்டியள்."

"அதைத்தானே நானும் சொல்லுறன். இவ்வளவு காலம் பட்டினி கிடந்த சீவன், இராகுகாலத்திலையோ முதல் வாய் வைக்கிறது?"

பதினொரு வருசத்தில் ஒரு படமும் அவர் இராகுகாலத்தில் அனுப்பியதில்லை. குச்சியை வைத்தார். எடுத்தார். தாங்கி மூடியைத் திறந்து முகம் கழுவினார். இரண்டு இருபது.

கேதீஸ்வரி ஒரு சேர்ட்டை உதறிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "அந்த மனிசன்ரை ஊரிலை இப்ப எத்தினை மணி?"

"ஆறாகப் போகுது."

"அப்ப அங்கை இராகு எப்பவோ எழும்பிப் போட்டார். ஆடு குழை தின்னப்போறது இஞ்சையோ, அங்கையோ?"

முருகேசர் யோசித்துப் பார்த்தார். பஞ்சாங்கத்தில் இதற்கு எதிராக ஒரு வரியும் இல்லை. அழுத்தினார்.

படம் ஏறுவதைக் காட்டும் கோடு திரையில் ஊர்ந்தது. பாதியில் ஒரு காகம் வந்து கம்பியில் குந்த, கோடும் நின்றது. காகத்தின் பரம்பரையை முருகேசர் மூன்று தலைமுறைக்கு ஏசினார். அது பறந்தது, படம் ஏறியது. பார்த்தவர் தொகை பூச்சியம்.

இரண்டு இருபத்தொன்பதுக்கு அது ஒன்றானது. உடனே திரை வெளுத்தது.

"பாத்திட்டான்!"

"நீங்கள் பாத்ததையும் சேத்தோ அந்த ஒண்டு?"

முருகேசர் உடனே இறங்கவில்லை. மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு இறங்கி, பலாவில் ஒரு கொப்பு முறித்து, பக்கத்து வீட்டுக் கிடாய்க்குப் போட்டார். அது அவரை நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் வாய் வைத்தது.