கன்னத்து முட்டை

சித்தாள் பெற்ற பெண் குழந்தை, இடது கன்னத்தில் ஒரு அவித்த முட்டையோடு பிறந்தது. ஓடு உரித்த, சூடு ஆறாத கோழிமுட்டை. அவ்வளவு சின்ன வாயில் அது எப்படி அடங்கியது என்று பிரசவ அறையில் யாரும் கேட்கவில்லை. அங்கே இருந்தவர்கள் விடிந்ததிலிருந்து உட்காராதவர்கள். நர்சம்மா முட்டையோடு சேர்த்தே குழந்தையை நிறுத்துப் பார்த்தாள். எடை ஏறக்குறைய சரியாக இருந்தது. விரலை விட்டு முட்டையை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தாள். தராசு முள் சரசரவென்று இறங்கி, நிற்கக்கூடாத இடத்தில் போய் நின்றது. கத்தரிக்கோல் இருந்த தட்டில் முட்டையை வைத்துக் கையைக் கழுவிக்கொண்டு, கட்டிலருகே வந்து குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"இப்ப பல்வலி எப்படி இருக்கு?"

சித்தாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

விஷயம் இதுதான். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் காலையில் ஆளுக்கொரு முட்டை. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, நர்சம்மா கண்ணெதிரே சாப்பிட வேண்டும். சித்தாளுக்கு வீட்டில் ஐந்து வயதில் ஒருவன் இருந்தான். புருஷன் வெளியூர் வேலைக்குப் போனவன், போனவன்தான். கலவைச் சட்டி சுமந்து வருகிற கூலிக்குக் கஞ்சி மட்டும் நிச்சயம். அதனால் முட்டையை முழுசாகக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளப் பழகினாள். என்ன வீக்கம் என்று நர்சம்மா கேட்டால் பல்லைத் தொட்டுக் காட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் முட்டையைக் கழுவிப் பெரியவனுக்குக் கொடுப்பாள். வெளியே இருந்தவன் வாய் திறந்து கேட்டான், உள்ளே இருந்தது கேட்கவில்லை. தன் ரத்தத்திலிருந்து அது எப்படியும் எடுத்துக்கொள்ளும் என்று நம்பினாள். அந்த ரத்தத்தில் எடுக்க என்ன இருந்தது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

பால் குடிக்கிற மட்டும் குழந்தை ஒழுங்காகக் குடித்தது. சோறு ஊட்டத் தொடங்கியதும், வாயில் வைத்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தவழ்ந்து போய் அண்ணன் வாயில் வைத்தது. யாரும் சொல்லித்தரவில்லை. அவனும் பிள்ளைதானே, வாயைத் திறந்தான். அவன் குடிசையின் தாழ்ந்த வாசல் நிலை தலையில் இடிக்கிற அளவுக்கு வளர்ந்தான். இவள் தூக்கினால் கனம் தெரியாதபடி அப்படியே இருந்தாள். தெருவில் பொட்டலம் என்று பேர் வைத்துவிட்டார்கள். விவரம் புரிந்த அன்றைக்குப் பெரியவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். பொட்டலம் கன்னத்தில் ஒதுக்கிய சோற்றோடு தெருவில் இறங்கினாள். பசித்த முகம் ஒன்று கண்ணெதிரே இருக்கும்வரை அவள் விழுங்கமாட்டாள் என்பது தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலமானால் ஆட்கள் அவள் வீட்டுச் சன்னலோரம் வந்து நின்று வாயைத் துடைத்து ஏப்பம் விட்டுக் காட்டினார்கள். இஸ்திரிக்காரர் விட்ட ஏப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து போயிற்று. பாதிப் பேர் வெறும் வயிற்றோடு விட்ட ஏப்பம் அது. பொட்டலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் அம்மா முன்னால் நின்றுவிடுவாள்.

ஆறு வயசுவரை பேச்சு வரவில்லை. வந்த அன்று முதலில் வந்தது, "நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்டி கண்ணு."

பொட்டலம் அம்மாவின் வாய்க்குள் விரலை விட்டு இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தாள். "பொய்யி," என்றாள்.

சித்தாள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்து, அழுகையும் சோறுமாக முழுசாகத் தின்று முடித்தாள். கடைசிக் கவளம் இறங்கிய பிறகு பொட்டலம் தன் வாயில் இருந்ததை விழுங்கினாள். அன்றிலிருந்து அம்மா தின்றால் அவளும் தின்றாள். தெருவுக்கு ஏப்பம் விடுகிற வேலை மிச்சமாயிற்று.

இனிமேல் வளர்ந்துவிடுவாள் என்றார்கள். வளரவில்லை. பள்ளிக்கூடத்தில் இன்று படித்தது நாளைக்குத் தங்கவில்லை. டாக்டர் எலும்பைப் படம் எடுத்துப் பார்த்தார், வயிற்றில் இருந்த காலத்தைப் பற்றி விசாரித்தார். சித்தாள் ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த முட்டையெல்லாம் இப்ப நான் சாப்ட்டா அவளுக்குப் போய்ச் சேருமா சார்?"

அவர் எலும்புப் படத்தை உறையில் போட்டார். "அந்த வழிய பொறந்த அன்னிக்கே அறுத்தாச்சும்மா." தப்பு உங்கள் மேல் இல்லை என்றும் சொன்னார், அது அவள் காதில் ஏறவில்லை. கைக்காசில் முட்டை வாங்கி அவித்து மாசக்கணக்கில் தின்று பார்த்தாள். அவள் உடம்புதான் தேறியது. கண்ணாடியில் கன்னத்துச் சதையைப் பார்த்த அன்றோடு நிறுத்திவிட்டாள்.

பெரியவன் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனான், கட்டிக்கொண்டான், மருமகள் உண்டானாள். வயிறு சரியில்லை என்று சொல்லித் தன் சோற்றை மாமியார் தட்டுக்குத் தள்ளுகிறவள் அவள். பொட்டலம் அவள் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"முழுங்கு அண்ணி. உள்ள இருக்கறதுக்குப் பேச வராது."

ஒவ்வொரு வேளையும் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். பிறந்தவன் அழுத அழுகை அடுத்த தெருவுக்குக் கேட்டது.

அந்தச் சேதி கேட்டு நர்சம்மா ஆள் அனுப்பினாள். இப்போது காலையில் ஆஸ்பத்திரி மேசைமேல், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில், பொட்டலம் உட்கார்ந்திருக்கிறாள். அவள் விரலுக்குத் தப்பி யாராலும் ஒதுக்க முடிவதில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவளுக்குக் கையில் இன்னொரு முட்டை கொடுத்தனுப்பவும் அடம்பிடித்து ஏற்பாடு செய்துவிட்டாள். சித்தாள் உள்ளே வருவதில்லை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பாள்.

பொட்டலத்துக்கு முப்பது தாண்டி, முன்நெற்றியில் நரை தெரிகிறது. அம்மாவுக்கு இடுப்பு முன்போலத் தாங்கவில்லை; ஆனாலும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாள். யாராவது எழுந்து இடம் விடுகிறார்கள். கண்டக்டர் அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போகிறார்.