இரண்டாவது வலது கை

கணவன் ஆல்வினின் ஒரு கன்னத்தை மழித்து முடித்து மறு கன்னத்தில் கார்லா நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது அவன் மூச்சு நின்றது. அவள் சவரக்கத்தியைப் பிடித்தபடி காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து இவர்களுடைய சோளத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. அடுத்த மூச்சு வரவில்லை. நுரை காய்வதற்குள் மறு கன்னத்தையும் மழித்துத் துடைத்தாள்.

மதியம் கேப்டன் ஹஸ்கெல் வருகிறாள் என்றுதான் மழித்துவிடச் சொன்னான். "உறுதிமொழிக்குத் தாடியோடயா நிக்கிறது?" என்று கேட்டான், எழுந்து உட்காரவும் முடியாதவன்.

கார்லா பகுதிநேரச் சிப்பாய். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு படை முகாமில் லாரிகளைப் பழுதுபார்ப்பாள். மற்ற நாட்களில் பண்ணை வேலை. சொந்த நிலத்தில் உழைப்பவனுக்குக் காப்பீடு தர முதலாளி கிடையாது. மகள் டெஸ்ஸாவுக்கோ நான்கு வயதிலேயே சர்க்கரை, தினமும் இன்சுலின். படையில் இருந்தால் குடும்பம் முழுவதற்கும் குறைந்த சந்தாவில் மருத்துவக் காப்பீடு உண்டு என்று தெரிந்ததும், முப்பத்து நான்கு வயதில் போய்ச் சேர்ந்தாள்.

அவள் உறுதிமொழி எடுத்த அன்று பார்க்க வந்திருந்த ஆல்வினும் வலது கையைத் தூக்கி, உறுதிமொழியை வரிக்கு வரி சொல்லிவிட்டான். காப்பீடு குடும்பத்துக்கு என்றால் சத்தியமும் குடும்பத்தோடுதான் என்று நினைத்துக்கொண்டான். சிப்பாய்கள் சிரித்து மாய்ந்தார்கள். "மாத்திரை மட்டும் எனக்கு, சத்தியம் அவளுக்கா?" என்றான் அவன். அதன்பின் அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இரண்டடி பின்னால் நின்று அவனும் கை தூக்குவான். இந்த முறை அவனால் முகாமுக்கு வர முடியாதென்பதால் கேப்டனே வீட்டுக்கு வர ஒத்துக்கொண்டிருந்தாள்.

ஆல்வினின் அண்ணன் மெர்ல் வயலிலிருந்து வந்து, தொப்பியைக் கழற்றிக் கட்டிலருகே வெகுநேரம் நின்றான்.

"கேப்டனை வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா? இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"இன்னியோட என் ஒப்பந்தம் முடியுது, மெர்ல். நாளைக்கு நான் சிப்பாயும் இல்ல, டெஸ்ஸாவுக்குக் காப்பீடும் இல்ல. இன்சுலினுக்கு நீ சோளம் விப்பியா?"

"விப்பேன்."

"தெரியும். உன் சோளத்தோட உன்னையும் சேர்த்து வித்தாலும் கட்டாது."

மெர்ல் மூக்கை உறிஞ்சினான். "அவன் வாய் அப்படியே உனக்கு ஒட்டிக்கிச்சு."

இறுதிச்சடங்கு நிலையத்துக்குப் போன் செய்து, நாலு மணிக்கு மேல் வந்தால் போதும் என்றாள் கார்லா. பிறகு சீருடை மாற்றிக்கொண்டு பூட்ஸைக் கட்டினாள்.

வாசலிலேயே விஷயம் தெரிந்ததும் கேப்டன் உறுதிமொழிக்காகக் கொண்டுவந்த கொடியை மடித்தபடியே வைத்துக்கொண்டாள். கார்லாவைவிட மிக இளையவள்; வார நாட்களில் டெஸ்ஸாவின் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"சார்ஜெண்ட், நீங்க இதுக்கு மேல பண்ணணும்னு இல்ல. அவருக்காகத்தானே..."

"மாத்திரை தின்னவர்தான் போயிட்டார், மேடம். ஊசி போட்டுக்கிறவ சமையலறையில இருக்கா. கொடியை அந்தத் திரைக்கம்பியில மாட்டுங்க."

டெஸ்ஸா கண்கள் வீங்க எட்டிப் பார்த்தாள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த உணவுத் தட்டுகளைக் காலையிலிருந்து கழுவிக்கொண்டிருந்தாள்.

"காபி வேணுமா, டீச்சர்?"

"இன்னிக்கு நான் டீச்சர் இல்லம்மா."

"அப்போ திங்கக்கிழமை பரீட்சையும் இல்லையா?"

கேப்டனுக்குச் சிரிப்பு வந்து, உடனே முகம் கலைந்தது. ஜன்னலோரமாகத் திரும்பிக் கொடியை மாட்டினாள். வெகுநேரம் மாட்டினாள்.

கார்லா கட்டிலருகே விறைப்பாக நின்றாள். வழித்த முகத்தோடு ஆல்வின் சுத்தமாக இருந்தான். மேசையில் சவரக் கண்ணாடி சாய்த்து வைத்தபடியே இருந்தது. அவள் வலது கையைத் தூக்கினாள்.

கேப்டன் முதல் வரியைச் சொன்னாள். கார்லா குரல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். இரண்டாவது வரியில் கேப்டன் கார்லாவின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு தொடர்ந்தாள்.

கார்லா திரும்பவில்லை. கண்ணாடியில், இரண்டடி பின்னால், உயர்ந்திருந்த ஒரு கை தெரிந்தது. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் அதன் மணிக்கட்டிலிருந்து சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.