அடுத்த ஞாயிறு என்றால் எது?

தையல்காரம்மாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. மகள் தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளையின் பெற்றோர் முதன்முறையாக வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்றதும், கூடத்துக்குப் பெயின்ட் அடித்தே தீருவது என்று முடிவுகட்டினாள். வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடுங்கண்ணே" என்றாள். ஒரு வாரத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறதென்று அவளுக்கு நிம்மதி.

அந்த வார ஞாயிறு காலை, சோபா பால்கனியில் கிடந்தது. தரையெங்கும் செய்தித்தாள். கணவர் கிழிந்த பனியனோடு ஸ்டூல் மேல் நின்றார். மகளின் மூக்கில் மஞ்சள் பெயின்ட். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், இஸ்திரி போட்ட சட்டையில் பஸ் டிரைவர் சம்பந்தி, கேக் பெட்டியோடு அவர் மனைவி, பின்னால் மாப்பிள்ளை.

தையல்காரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அடுத்த ஞாயிறுன்னுல்ல சொன்னேன்?"

"ஆமாம்மா. அதான் வந்துட்டோம்."

"இது வர்ற ஞாயிறுண்ணே. அடுத்த ஞாயிறு இதுக்கு அப்புறம்."

டிரைவர் மோவாயைத் தடவினார். "அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்னு ஒருத்தர் சொன்னா, வர்ற ஸ்டாப்புல நிறுத்துவேனா, அதைத் தாண்டிப்போய் நிறுத்துவேனா?"

ஸ்டூல் மேலிருந்து கணவர் குபீரென்று சிரித்துவிட்டார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்லை. சமையலறையில் முட்டையையும் ரொட்டியையும் விட்டால் வேறொன்றுமில்லை.

சம்பந்தியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேற! எங்க வீட்டை நேத்துப் பார்த்திருந்தா இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு ஓடியிருப்பீங்க. பழைய சட்டை இருந்தா இவருக்கு ஒண்ணு குடுங்க. ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்திருக்காரு, மேல் சுவரை அடிக்கட்டும்."

டிரைவர் ஸ்டூலே இல்லாமல் மேல்விளிம்பை அடித்தார். மாப்பிள்ளையும் மகளும் ஒரு மூலையை ரொம்ப நேரமாக, தேவைக்கு அதிகமாகவே அடித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் எல்லோரும் செய்தித்தாள் மேல் சம்மணம் போட்டு ஆம்லெட்டும் கேக்கும் சாப்பிட்டார்கள்.

"கல்யாணத்தை எப்போ வச்சுக்கலாம்?" என்றாள் தையல்காரம்மா.

"அடுத்த மாசம்னு மட்டும் சொல்லிடாதீங்க, தேதியச் சொல்லுங்க" என்றார் டிரைவர்.

காலண்டரைத் தரையில் விரித்து, எல்லோரும் குனிந்து, ஒரு தேதியில் விரல் வைத்தார்கள். யார் விரலிலிருந்தோ மஞ்சள் பெயின்ட் அதில் அழுந்தப் பதிந்தது. தையல்காரம்மா அதைத் துடைக்கவில்லை. டீ போட எழுந்து போனாள்.