நீலப் பெட்டிச் சட்டைகள் வீடு திரும்பிய வருடம்

நீலப் பெட்டியில் அந்த வருடம் தானமாகப் போட்ட துணிகள் பதினோராம் நாள் நடந்தே வீடு திரும்பின. முதலில் வந்தது பல் மருத்துவரின் கம்பளிச் சட்டை. காலை ஒன்பது மணிக்கு வாசல் மிதியடியில் கைகட்டி நின்றது. அடுத்த வாரம் செருப்புகள் ஜோடி பிரியாமல் வந்தன. ஒரு தையல் இயந்திரம் மட்டும் கனத்தின் காரணமாக இரண்டு நாள் தாமதமானது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை, வாசலில் நிற்பதை விரட்டவும் முடியவில்லை. ஆகவே எல்லோரும் நகராட்சிக்குப் போய், நன்கொடைப் பெட்டிகளுக்கு உரிமம் தரும் ஆய்வாளரின் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

யாருக்காகக் கேட்கிறோம், பொருள் யார் கைக்குப் போகிறது என்று பெட்டியின் மேல் எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆய்வாளர் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்தான், ஆனால் பார்த்ததெல்லாம் காகிதத்தை மட்டும். மூன்று வருடத்துக்கு முன், 'அனைத்தும் முதியோர் இல்லத்துக்கே' என்று எழுதியிருந்த நீலப் பெட்டிக்காரர் நான்கு பிரதிகளும் வண்ணப் படங்களும் கொடுத்தார். அன்றே உரிமம் கிடைத்தது. அதே வாரம் ஆய்வாளரின் சொந்த அக்கா, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்காக மருத்துவமனை வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்தாள். விண்ணப்பத்தை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தாள். தம்பி அதை ஏற்காமல், உள்ளே இருந்த துணிகளோடு பெட்டியைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார். "என்கிட்டயே சட்டம் பேசுறியா?" என்றவள் அதற்குப் பிறகு இந்த மூன்று வருடமும் தம்பியிடம் வாயே திறக்கவில்லை. தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அந்த மௌனம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இப்போது துணிகள் வரும் வழியிலேயே எதிர்த்திசையில் நடந்த ஆய்வாளர், ஊர் எல்லையில் ஒரு கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே தானத் துணிகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்குத் தயாராக இருந்தன. இரண்டு பாவாடைகள் ஜன்னல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. முதியோர் இல்லத்தில் விசாரித்தால், ஒரு கைக்குட்டைகூட வந்ததில்லை என்றார்கள். பெட்டி பொய் சொல்லியிருக்கிறது. துணிகள் அதற்கு உடன்படவில்லை, அவ்வளவுதான். உரிமம் கொடுத்தவன் நான், நேரில் பார்க்காதது என் தவறு என்று அவர் அறிக்கை எழுதினார். தலைமை எழுத்தர் பதறிப்போனார். "சார், சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்காதீங்க. பதவி உயர்வு வர்ற நேரம்." ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். நீலப் பெட்டிகள் அகற்றப்பட்டன, பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

மறுநாள் அவர் மருத்துவமனை வாசலுக்குப் போய் மரப்பெட்டியின் முத்திரையை உடைத்தார். உள்ளே ஒன்றுமில்லை. பலகை எதுவும் பெயரவில்லை, பூட்டிலும் கீறல் இல்லை. பதறியடித்துக்கொண்டு சலவைக்கூடத்துக்கு ஓடினார்.

"அக்கா, பெட்டி காலியா இருக்கு!"

அவள் படுக்கை விரிப்பை மடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். "நீ பூட்டுன மறுநாளே எல்லாம் தானா வார்டுக்கு வந்துருச்சுடா. குளிர்ல கெடந்தவங்க போத்திக்கிட்டாங்க. நீ ஒரு தடவையாவது வந்து கேட்டியா?"

அவருக்குக் கண் கலங்கியது. மூன்று வருடமாக வந்து கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அக்கா அதைப் பார்க்காததுபோல ஒரு முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்து, பையிலிருந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்து, அவள் சொல்லச் சொல்லத் தானே நிரப்பினார். கடைசிக்கு முந்தைய கட்டத்தில், பொருள்கள் எந்த வாகனத்தில் கொண்டு செல்லப்படும் என்று கேட்டிருந்தது.

"அதுக்கு என்னக்கா போட?"

"உள்ளதைப் போடு."

'நடந்தே போகும்' என்று எழுதி, ஆய்வாளர் முத்திரை குத்தினார்.