மீனுக்குப் போனது

டீ டம்ளரோடு ஷம்ஷாத் கூடத்துக்கு வந்தபோது நஜீர் தொட்டியின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் சின்ன வலை. நேற்று மாலை வரை பாறையை உரசி உரசி மேய்ந்துகொண்டிருந்த நீல மீன் வலைக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. நிறம் மட்டும் இன்னும் போகவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"இதுவுமா?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்திருக்கும்போது முழங்காலில் கை ஊன்றினார். மூச்சு ஒருகணம் நின்று, பிறகு வந்தது. நான்கு மாதமாக ஷம்ஷாத்தின் காது அந்த மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. மிக்ஸி ஓடும்போதும், பக்கத்து வீட்டு டிவி அலறும்போதும், தூங்கும்போதும்கூட. தை மாதத்தில் ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர். இரண்டு ஸ்டென்ட் வைத்து, படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தேழு வருஷம் இரும்பை அளந்து, தேறும் தேறாது என்று முத்திரை குத்திய மனிதர், காட்டுப்பாக்கத்து மூன்றாம் மாடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். மகள் இஃபத் பெங்களூரிலிருந்து தினமும் வீடியோவில் வந்து பேசுவாள். அவளுக்கும் ஒற்றை வார்த்தைதான் பதில்.

அவரைக் கட்டிலைவிட்டு எழுப்பியது, வேலைக்குப் போன நாளிலேயே அவர் வைத்த இந்தத் தொட்டிதான். நாலடிக் கண்ணாடி, உள்ளே உப்புத் தண்ணீர், ஓட்டை ஓட்டையான பாறைகள், அவற்றின் மேல் பூப்போல விரியும் பவளங்கள். கடல் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம். அவரோ வீட்டுக்குள்ளேயே உப்புக் கலந்து, சூடு பார்த்து ஒரு கடலைப் பிடித்து வைத்திருந்தார். "மீனுக்குத் தீனி போடணும்" என்று ஒரு காலை அவராகவே எழுந்து உட்கார்ந்தபோது, ஷம்ஷாத் சமையலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இப்போது அந்த மீன்கள்தான் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

நஜீர் தண்ணீர் அளவுகளை எழுதி வைக்கும் நோட்டை எடுத்தார். உப்பு சரி. சூடு சரி. அமோனியா இல்லை. நைட்ரேட் கொஞ்சம், அதுவும் வழக்கமானதுதான். மூன்று மாதப் பக்கங்களில் ஒரே எண்கள் வரிசையாக நின்றன. "எல்லாம் சரியாத்தான் இருக்கு ஷம்ஸு," என்றார். "எல்லாம் சரியா இருந்து எப்படி சாகும்? எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா, கை கெட்டுப்போச்சா?" நீல மீனை பால்கனியில் மருதாணித் தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு வந்தவர் டீயைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். கட்டில் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டதுபோல இருந்தது அவளுக்கு.

ஆனால் அவளுக்குள் இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை வலையில் ஒன்று வரும்போதும், அவர் முகத்தைப் பார்த்துக் கலங்குகிற அதே நேரத்தில், உள்ளே எங்கோ ஒரு முடிச்சு தளர்ந்தது. அவருக்கு வர இருந்தது மீனுக்குப் போனது என்று.

அவர் மீனுக்குத் தீனி போட எழுந்த மறுவாரம் அவள் பூந்தமல்லிக்குப் போயிருந்தாள். அம்மா வீட்டுத் தெருவில் ஒரு அசரத் இருக்கிறார். சின்ன வயதில் காய்ச்சலுக்கு ஓதிப் பார்த்தவர். அவர் ஒரு செப்புத் தகட்டில் கட்டம் போட்டு எண்கள் பொறித்து, சுருட்டிக் கொடுத்தார். "புருசன் இடுப்புல கட்டிவிடும்மா." அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே நஜீர் சொல்லிவிட்டார், தாயத்து, மந்திரித்த கயிறு எதுவும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று. கேட்பதை நேராகவே கேட்போம், நடுவில் ஆள் எதற்கு என்பார். ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும் முதலில் தன் தலைமாட்டைத் தடவிப் பார்த்து, "எதுவும் வெக்கலியே?" என்று கேட்டவர். இதைச் சொன்னபோது அசரத் யோசித்தார். "அப்ப அவரு தெனமும் கை வெக்கிற எடமாப் பாத்து வை."

அவர் தினமும் கை வைக்கிற இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. சுருளைச் சுற்றியிருந்த மெழுகுத் துணியைப் பிரித்துவிட்டு, தண்ணீர் எண்களைத் தொடவேண்டும், அந்தத் தண்ணீர் அவர் கையைத் தொடவேண்டும் என்று, பெரிய பாறையின் பின்புறப் பொந்து ஒன்றில் தகட்டைச் செருகினாள். பதினோராம் நாள் முதல் இறால் செத்தது. அவள் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். அந்த வாரம் அவருக்கு ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது.

சனிக்கிழமை மதியம் கோபி வந்தான். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் மீன் கடை வைத்திருப்பவன், நாற்பதைத் தாண்டியவன். தொட்டி வைத்த நாளிலிருந்து பழக்கம்.

"இன்னா பாய், மீனு எளச்சிதுன்னு கூப்ட்டியேன்னு வந்தா நீ எளச்சிகினு கீற?" என்றான் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நாம கடலு மாரி காட்டிகினு கீறோம். அதுக்குத் தெரியாதா இது காட்டுப்பாக்கம்னு."

நஜீர் லேசாகச் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு.

கோபி கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்தான். இரண்டு ஆரஞ்சு வரி மீன்கள் மட்டும் மூலையில் நின்றன. பவளங்கள் மூடிக்கிடந்தன. அவன் நோட்டைக் கேட்கவில்லை. "மொதல்ல எது செத்துச்சு?" என்றான்.

"இறால். ஒரே வாரத்துல ரெண்டு."

"அப்பால?"

"நத்தைங்க. ஒரு நண்டு. அப்புறந்தான் மீன்."

"பாத்தியா. நோவா இருந்தா மீனு மொதல்ல போவும், நத்த குந்திகினு வேடிக்க பாக்கும். இங்க தலகீழா கீது. எறா, நத்த, நண்டு, இதுங்களுக்கு ஆவவே ஆவாதது ஒண்ணு கீது பாய். தாமிரம்."

"காப்பரா? எங்கருந்து வரும்? மோட்டார், பைப், எல்லாம் நானே பாத்துப் போட்டது."

"பாத்துருவோம்." பையிலிருந்து சொட்டு மருந்தையும் சின்னக் கண்ணாடிக் குப்பியையும் எடுத்தான். தொட்டித் தண்ணீரைப் பிடித்து, சொட்டு விட்டு, குலுக்கி மேசையில் வைத்தான். மூவரும் அதைப் பார்த்தார்கள். செம்பு. அவள் அந்தத் தகட்டை ஒருநாளும் செம்பு என்று நினைத்ததில்லை. அது எண், அது ஓதல், அது அசரத்தின் விரல். தண்ணீருக்கு அது வெறும் உலோகம் என்பது தோன்றவே இல்லை. குப்பியில் நிறம் மெல்ல ஏறியது. கோபி வண்ண அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஏத்தமா கீது. உள்ள என்னமோ கெடக்கு பாய். வயரோ, காசோ. நாளைக்கு வந்து பாறையெல்லாம் வெளிய எடுத்துப் பாத்துர்றேன். நீ தூக்காத. அக்கா, இவரத் தூக்க வுடாதீங்க."

"எடுத்துட்டா சரியாயிடுமா?" என்று கேட்டாள் ஷம்ஷாத். தன் குரல்தானா என்றிருந்தது.

"மீனு பொழச்சாலும் பொழைக்கும். ஆனா பாறை இதுவரிக்கும் குடிச்சத உள்ள வெச்சிகினு கொஞ்சம் கொஞ்சமா வுடும் அக்கா. எறா, பவளம்லாம் இதுல இனிமே நிக்கிறது கஷ்டம்."

கோபி போன பிறகு நஜீர் தொட்டியைப் பார்த்தார். ஒருமுறை அவளையும் பார்த்தார், சாதாரணமாகத்தான். பிறகு அஸர் தொழுகைக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போனார். போய்வர முப்பது நிமிஷம்.

அவள் முக்காலியில் ஏறி நின்றாள். கையை உள்ளே விட்டால் தகட்டை எடுத்துவிடலாம். கை எழவில்லை. எடுத்த நாளிலேயே லிஃப்டிலோ பள்ளிவாசல் வாசலிலோ அவருக்கு ஏதாவது ஆனால்? விட்டுவைத்தால் இந்த இரண்டும் போகும், அப்புறம் கட்டிலும் ஜன்னலும்தான். இதில் எது அவரைக் கொல்லும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு மிகவும் களைப்பாக இருந்தது. நான்கு மாதமாக ஒரு மனிதனின் உயிரைத் தன் காதில் தூக்கிக்கொண்டு நடக்கிற களைப்பு. வலையில் ஒருக்களித்துக் கிடந்த நீல மீனை நினைத்தாள். அது யாருக்காகவும் சாகவில்லை. சும்மா செத்திருந்தது, அவள் கையால்.

முழங்கைக்கு மேல் தண்ணீர் ஏறியது. வெதுவெதுப்பாக இருந்தது, ஒரு உடம்புக்குள் கைவிட்டதுபோல. ஆரஞ்சு மீன்களில் பெரியது மூலையிலிருந்து சரேலென்று வந்து அவள் மணிக்கட்டைக் கொத்தியது. வலிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கொத்தியது. நைட்டியின் கை தோள்வரை நனைய, விரல்கள் பொந்தைத் தேடிப் பிடித்தன. தகடு வரவில்லை. நகத்தால் நெம்பினாள். பச்சை பூத்த சுருள் ஒன்று கையோடு வந்தது.

பிரித்துப் பார்த்தாள். கட்டங்களில் பாதி அரித்துப் போயிருந்தன. எண்கள் சில மட்டும் தடவினால் தெரிந்தன. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றாள். குப்பையில் போட முடியாது. புதைக்கவும் மனமில்லை. லிஃப்ட் கதவு சத்தம் கேட்டும் அப்படியே நின்றாள்.

நஜீர் உள்ளே வந்தார். தரையில் தண்ணீர். முக்காலி நகர்ந்திருந்தது. அவள் கையில் உப்பு காய்ந்து வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எந்தப் பொந்துல இருந்துச்சு?" என்றார்.

"பெரிய பாறை. பின்னாடி."

"எப்ப வெச்ச?"

"நீங்க தீனி போட எழுந்த மறுவாரம். செவ்வாக்கிழமை."

அவர் நோட்டை எடுத்துப் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். விரல் ஒரு தேதியில் நின்றது, அங்கிருந்து கீழே இறங்கி இறால் செத்த வரிக்கு வந்தது. அவர் மூச்சை அவள் கேட்டாள். கோபமா என்று தெரியவில்லை. இறால் செத்தபோது நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஏங்க..."

"கைய நல்ல தண்ணியில கழுவு மொதல்ல," என்றார் அவர். "உப்பு எரியும்." பிறகு கையை நீட்டினார். அவள் தகட்டைக் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இருபத்தேழு வருஷம் இரும்பைப் பார்த்த மாதிரி, கிட்டக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். தேறும் என்றோ தேறாது என்றோ சொல்லவில்லை. விரித்த நோட்டின் மேலேயே வைத்தார். அவருடைய எண்களின் மேல் பச்சை ஈரம் மெதுவாகப் பரவியது.

"அந்த டார்ச்சை எடு. ரெண்டும் இருக்கான்னு பாக்கணும்."

அவள் கையைக் கழுவாமலே டார்ச்சைப் பிடித்தாள். சின்னது மூலையிலேயே இருந்தது. பெரியது பாறையின் பின்னால், காலியான பொந்தின் முன் நின்று, உள்ளே எதையோ காப்பதுபோல வாலை அசைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் திரும்பிப் பாய்ந்து, கண்ணாடியில் தெரிந்த அவர்கள் இருவர் முகத்திலும் மாறி மாறிக் கொத்தியது.