கொக்கி பார்க்க வந்தவர்கள்

எங்கள் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மின்விசிறி வருவதாக இருந்தது. எனக்கு விடிவதற்கு முன்பே இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் கோயமுத்தூரில் ஃபேனை யாரும் கடைக்குப் போய் வாங்குவதில்லை. வீட்டை இடித்துச் சரிசெய்து, பெயின்ட் காய்ந்ததும் தரகரிடம் சொல்லி வைக்க வேண்டும். ஃபேன் வீட்டார் வந்து பார்ப்பார்கள். கொக்கி பிடித்துவிட்டால் தங்கிவிடுவார்கள். பிடிக்காவிட்டால், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. முதலில் வந்த ஏசி எங்கள் சன்னலைப் பார்த்துவிட்டு வண்டியை விட்டே இறங்கவில்லை. அடுத்து வந்த டேபிள் ஃபேன், கேட்டதற்கெல்லாம் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிப் போனது.

என் மனைவி காந்தாமணிக்குப் புழுக்கம் ஆகாது. வீட்டு வேலை நடந்த நாளெல்லாம் ஒரு அட்டையை வைத்து விசிறிக்கொண்டே தூங்கியவள். அன்று காலை கட்டில் மேல் ஒரு ஸ்வெட்டரை மடித்து வைத்திருந்தாள்.

"பால் காய்ச்சறதுக்குள்ள இந்த ஊட்டுல காத்து வரலீன்னா, நான் கோத்தகிரிக்கு எங்கக்கா ஊட்டுக்குப் போயிருவனுங் மாமா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். அதனால்தான் பயமாக இருந்தது. காந்தாமணி இல்லாத வீட்டுக்கு டைல்ஸ் எதற்கு? எனக்கு அவள் வேண்டும். அந்த ஃபேனுக்கு எங்களைப் பிடித்தே ஆக வேண்டும்.

தரகர் மாரப்பனின் சரக்கு ஆட்டோ வாசலில் நின்றதும் எங்கள் ஹால் பதறிப்போய்க் கொஞ்சம் நீண்டது. அகலமாகத் தெரிய வேண்டும் என்று அதற்கும் ஆசை. சோபா தூரமாகப் போய்விட்டதால் நாங்கள் சற்று நடந்து போய்த்தான் வரவேற்க வேண்டியிருந்தது.

மூன்று பேர் வந்திருந்தார்கள். அப்பா தண்ணீர் ஹீட்டர். வெள்ளை உடம்பு, பேச்சுக் குறைவு. தாய்மாமன், சமையலறைப் புகை தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன். நடுவில் அந்தப் பெண். பழுப்பு நிறம், இறக்கைகளில் மெல்லிய தங்கக் கோடு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்தது. அழகான ஃபேன். 

"தண்ணி போருங்களா?" என்று ஹீட்டர் கேட்டது.

"சிறுவாணிங்க."

ஹீட்டரின் சிவப்பு விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது. நல்ல அறிகுறி என்று மாரப்பன் என் காதைக் கடித்தார்.

என் நட்சத்திரம் என்ன என்று விசாரித்தார்கள். உத்திரம் என்றேன். ஒன்றுதானா என்று கேட்டார்கள். பெண்ணுக்கு ஐந்து ஸ்டார் என்றார்கள். மாரப்பன் சிரித்துச் சமாளித்தார்.

எக்ஸாஸ்ட் ஃபேன் சமையலறைப் பக்கம் திரும்பி மோப்பம் பிடித்தது.

"கருவாடு வறுப்பீங்களா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காந்தாமணி முந்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழமை மட்டுந்தானுங்க."

அன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் சமையலறையைப் பார்த்தோம். அது வெட்கப்பட்டுக் கொல்லைப்பக்கமாக நகர்ந்துகொண்டது.

கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தோம். அவர்கள் தொடவில்லை. பேச்சு முடியும்வரை அவர்கள் நம் வீட்டில் கை நனைக்கக் கூடாது. நாமும் அவர்கள் பெண்ணிடம் காற்று வாங்கக் கூடாது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

பிறகு பெண் கொக்கியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஃபேன் எழுந்து மேலே போனது. எங்கள் கூரை அதற்கு வசதியாகக் கொஞ்சம் குனிந்து கொடுத்தது. கொக்கியை நான் வேப்பெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். ஃபேன் ஒரு கையால் அதைப் பிடித்துப் பார்த்தது.

"ஏதாச்சும் கேக்கறதுன்னா கேட்டுக்க கண்ணு" என்றது ஹீட்டர்.

"ராத்திரியெல்லாம் என்னையப் பாத்துட்டே படுத்திருப்பீங்களா?" என்று ஃபேன் கேட்டது. குரல் மெலிதாக இருந்தது.

"நான் பாப்பேன்" என்றாள் காந்தாமணி.

ஃபேன் சிரித்ததா என்று தெரியாது. வெட்கத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. அவ்வளவுதான். அந்தக் காற்று நேராக வந்து என் கழுத்தில் விழுந்தது. காலையிலிருந்து பஜ்ஜி போட்ட கழுத்து.

"ஆஹா" என்றேன்.

ஹால் சட்டென்று பழைய அளவுக்குச் சுருங்கியது. மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங் சென்னியப்பன், இப்புடிப் பண்ணிட்டீங்க" என்றார்.

ஹீட்டர் சூடாகிவிட்டது. மூடியிலிருந்து ஆவி வந்தது. பேச்சு முடியும் முன்பே தன் மகளிடம் காற்று வாங்கிவிட்டதால், இனிப் பெண்ணை இங்கேதான் விட்டுப் போக வேண்டும் என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காந்தாமணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஃபேன் எங்களுக்குத்தான்.

"ஆனா ஒண்ணு எடுத்தா ஒண்ணு குடுக்கோணும்" என்றது ஹீட்டர். "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறதுதான் எங்க வழக்கம்."

எங்கள் சொந்தத்திலும் அதே வழக்கம்தான். மறுத்துப் பேச வழியில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. பழைய மிக்ஸியைக் காட்டினேன். தாய்மாமன் வெளிப்பக்கமாகக் காற்றை விட்டார். இரும்புக் கட்டிலைக் காட்டினேன். ஆளாகக் கொடுங்கள் என்றார்கள்.

காந்தாமணி ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் அவளுக்கு முன்னால் எழுந்து நின்றேன்.

"நான் வர்றனுங்க" என்றேன்.

இத்தனை நாள் அட்டையை வைத்து விசிறியவள். ஒரு மத்தியானமாவது அந்தக் காற்றில் கால் நீட்டிப் படுக்கட்டும் என்று தோன்றியது. அது மட்டுமில்லை, என்னை யாரும் கேட்டு வாங்கிப் போனதில்லை. உள்ளுக்குள் குதூகலமாகவும் இருந்தது.

காந்தாமணி என்னைப் பார்த்தாள். ஸ்வெட்டரை என் கையில் திணித்தாள்.

"கடைக்குள்ள குளுருமுங் மாமா" என்றாள்.

ஃபேன் வீட்டாரின் ஷோரூம் உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருந்தது. ஃபேன்தான் வீடு தேடி வரும், ஆளை இங்கே வந்துதான் பார்த்து எடுக்க வேண்டும். என்னை வாஷிங் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் நிறுத்திக் கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டினார்கள். விற்பனைப் பெண் சௌடேஸ்வரி என்னைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தாள். வருகிறவர்களிடம் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொன்னாள். கரண்ட் இழுக்க மாட்டார், மூன்று வேளைச் சோறுதான் என்பாள். வந்தவர்கள் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுவாரா என்று ஒரு பெரியவர் கேட்டார். ஓடுவேன் என்று நானே சொன்னேன். அவர் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

கதவு திறக்கும்போதெல்லாம் மனம் துள்ளியது. பிறகு விழுந்தது. அடுத்த கதவுக்கு மறுபடி துள்ளியது.

ஒருநாள் காந்தாமணி வந்தாள். மாரப்பனும் கூட வந்தார். அவள் நல்ல சேலை கட்டியிருந்தாள். என்னை முன்பின் தெரியாதவள்போல் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஹாலுக்கு ஒண்ணு பாக்கோணுமுங்க" என்றாள்.

ஃபேன் இல்லையா என்று சௌடேஸ்வரி கேட்டாள்.

"இருக்குதுங்க. காத்து நல்லா வருது. வருதுன்னு சொல்றதுக்குத்தான் ஆளில்லீங்க."

சௌடேஸ்வரி அவளை என் முன்னால் கூட்டிவந்து நிறுத்தினாள். காந்தாமணி ஸ்வெட்டரைப் பார்த்தாள். பித்தான் மாறிப் போட்டிருந்தேன். அவளே கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"இவரு சத்தம் போடுவாருங்களா?"

"மொதல்ல கொஞ்சம் போடுவாருங்க. பழகிருச்சுன்னா காதுல உழுகாது."

"எனக்குப் பழக்கந்தானுங்க" என்றாள் காந்தாமணி.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஏசி நின்றது. அவள் நெற்றியில் வேர்வை அரும்பியது. வழக்கம் எனக்குத் தெரியும். பேச்சு முடியவில்லை. மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வாயைக் குவித்து அவள் நெற்றியில் மெதுவாக ஊதினேன்.

"ஆஹா" என்றாள் காந்தாமணி.

கிரைண்டர் எங்கள் பக்கம் திரும்பியது. சௌடேஸ்வரி பேனாவை மூடினாள்.

"காத்து வாங்கிட்டீங்க. பதிலுக்கு ஆரைக் குடுக்கறீங்க?"

காந்தாமணி மாரப்பனைப் பார்த்தாள். மாரப்பன் ஒரு ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காந்தாமணி கைப்பையைக் கீழே வைத்தாள். வந்து என் பக்கத்தில் நின்றாள். சௌடேஸ்வரி அவள் கழுத்திலும் ஒரு சீட்டைக் கட்டினாள்.

இப்போது இருவரும் ஒரே ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு நிற்கிறோம். எங்களைப் பிரித்துத் தர மாட்டோம் என்று சௌடேஸ்வரி வருகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறாள். எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க ஒரு குடும்பம் வருகிறது. நல்ல இடம் என்கிறார்கள். பெண் தனியாக இருக்கிறதென்று அப்பாவும் மாமனும் அங்கேயே வந்து தங்கிவிட்டார்களாம். சிறுவாணித் தண்ணீர். விருந்தாளி வந்தால் நீளுகிற ஹால். அப்பாவுக்குச் சட்டென்று சூடேறும், சட்டென்று ஆறியும்விடும். மாமன் கருவாட்டைப் பற்றிக் கேட்பார். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று காந்தாமணி சொல்லியிருக்கிறாள்.

பெண் மட்டும் ஒரு கேள்வி கேட்குமாம். எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காந்தாமணி கூரையைப் பார்த்தபடி பதிலை இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.