கலிமாவுக்கு முந்தின குளியல்

...முதலில் வலது தோள், பிறகு இடது தோள், இல்லையில்லை, அதற்கும் முன்னால் தலையில் மூன்று தடவை ஊற்றவேண்டும் என்றல்லவா இமாம் சொன்னார், ஒரு முடியளவு இடம்கூடக் காய்ந்திருக்கக் கூடாது, காதுக்குப் பின்னால், தொப்புளில், கால்விரல் இடுக்கில், நகக்கண்ணில்... நகக்கண்ணில் வந்துதான் மாட்டிக்கொண்டான். பள்ளிவாசலின் பின்பக்கக் குளியலறையில், பிளாஸ்டிக் வாளிக்கு முன்னால் ஈரத் துண்டோடு குந்தியிருந்த அந்த வெல்டர் பத்து விரல்களையும் விரித்துப் பார்த்தான், பத்திலும் சிவப்பு. நேற்று இரும்பு கேட்டுக்கு அடித்த பிரைமர் என்றால் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்கவேண்டும், பெயிண்ட் தண்ணீரை உள்ளே விடாது, குளிப்பு நிறைவேறாது, ரத்தம் என்றால் வெறும் தண்ணீரே போதும், இதில் எது பெயிண்ட், எது அண்ணன்? குளித்துவிட்டு வெளியே போய் இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் கலிமாவைச் சொல்லி இஸ்லாத்தில் சேரவேண்டும், ஒரு நிமிஷ வேலை, பயலுக்கு அதற்குள் எத்தனை ஆராய்ச்சி. ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் போன் மறுபடி துடித்தது. அண்ணியாகத்தான் இருக்கும். வரும் வழியில் ஒரு தடவை எடுத்தான், அவள் அழக்கூட இல்லை, உங்க அண்ணன் இன்னும் கண்ணத் தொறக்கல என்றாள், அவ்வளவுதான், அதற்குப் பிறகு எடுக்கத் தைரியம் வரவில்லை.

அண்ணன்தான் முதலில் கை வைத்தான், அதில் சந்தேகமில்லை, பட்டறைக் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை, மதம் மாறப்போகிற விஷயத்தைச் சொன்னதும் பளாரென்று ஒன்று, சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு மோதினான், "நான் போட்ட சோத்தத் தின்னுட்டு யார்கிட்டடா போற?" என்றான், சோறு போட்டதும் அவன்தான், அப்பா போன பிறகு பெல்ட்டால் உரித்ததும் அவன்தான், பத்து வயதில் வேலைக்குத் தாமதமாக வந்ததற்காகச் சூடு ஆறாத கம்பியை எடுத்துத் தொடையில் வைத்தவனும் அவன்தான், இதோ, இந்தத் தழும்பிலும் தண்ணீர் படவேண்டும். பிறகு இவன் கையில் சுத்தி இருந்தது, வெல்டிங் கசடைத் தட்டி உதிர்க்கிற கூர்மூக்குச் சுத்தி, முதல் அடியில் தாடை இறங்கியது, பல் சிமெண்ட் தரையில் உருண்ட சத்தம் தனியாகக் கேட்டது, இரண்டாவது அடி காதுக்கு மேலே, அண்ணன் கையைத் தூக்கவே இல்லை, மூன்றாவது... மூன்றாவதை ஏன் அடித்தான்? விழுந்து கிடந்தவனை எதற்கு அடித்தான்? நன்றாக இருந்தது, அதுதான் உண்மை, வயிறு குளிர்ந்தது. இத்தனைக்கும் கோபம் தொலையவேண்டும் என்றுதான் எட்டு மாதமாக இந்த வாசலுக்கு வந்துகொண்டிருந்தான், பெண்ணுக்காக வந்தான், பணத்துக்காக வந்தான் என்றெல்லாம் பேசுகிறவர்கள் பேசட்டும், வீட்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்துச் சொந்த மகள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாளே, அன்றைக்கு முடிவு செய்தது, அண்ணன் மாதிரி ஆகக் கூடாது, செத்தாலும் ஆகக் கூடாது என்று.

தலையில் ஊற்றினான், ஒன்று, இரண்டு, தண்ணீர் லேசாகச் சிவந்து குழிக்குள் போயிற்று. கதவுக்கு வெளியே இமாமின் செருப்புச் சத்தம், பாவம், நல்ல மனிதர், ஒரு நாளாவது அவசரப்படுத்தினாரா, மனசு ஒப்பினாத்தான், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று முதல் நாளே சொன்னவர், நேற்றுச் சாயங்காலம் மட்டும்தான் ஒரு தடவை கையைப் பிடித்துக்கொண்டு, "கலிமா சொன்ன நிமிஷத்தோட முன்னாடி செஞ்ச பாவமெல்லாம் அழிஞ்சிரும் தம்பி. நாளைக்கு யாரு கண்டா, இப்பவே சொல்லிடுங்களேன்" என்றார். நாக்கு நுனிவரை வந்தது, அந்த வார்த்தைகளை எட்டு மாதமாகப் பாடம் செய்து வைத்திருந்தான், இருந்தும், நாளைக்குச் சொல்கிறேன் ஹஜ்ரத், புதுச் சட்டை ஒன்று எடுக்கவேண்டும் என்றான். சட்டை எடுத்தானா? கடைப்பக்கமே போகவில்லையே, ஆணியில் தொங்குவது அண்ணன் கிழித்த அதே பழைய சட்டைதானே. பட்டறையில் இன்று வேலைகூடக் கிடையாது, அண்ணன் கூப்பிடவில்லை, யாரும் போய் வத்தி வைக்கவில்லை, விடிந்ததும் விடியாததுமாக இவனேதான் நடந்துபோனான், இவனேதான் சொன்னான், சொல்லும்போது ஏன் அத்தனை இடமிருக்கச் சுத்தி மாட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றான்?... மூன்றாவது சொம்பை மொண்டான். பாவத்தை அழிக்கிறவனுக்கு இது தெரியாதா, அழியும் என்று தெரிந்தே, ஒரு நாள் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு போய் அடித்தவனை என்ன செய்வான்?

"தம்பி, முடிஞ்சுதா? சாட்சிங்க வந்துட்டாங்க."

முடிந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "ஹஜ்ரத்," என்றான், "நான் நேத்தே சொல்லிருக்கணும்." அதனாலென்ன தம்பி, இன்னைக்கு வந்துட்டீங்களே என்றது அந்தக் குரல், சந்தோஷமாக.